ஈயமில்லாப் படலம்

மாங்கனீசும் புரோமீனும் கூடிய உப்பு.
முழுப்பெயர் சொல்ல மூச்சு இரண்டு தரம் வேண்டும்.
அறிவியல்நகரில், இரண்டாம் மாடியில்,
பெருவிரல் பருமனில் ஒரு குப்பிக்குள் வளர்க்கிறேன்.
ஈதரின் ஆவி மெல்ல மெல்ல இறங்க
மூன்றாம் நாள் காலையில்
அடியில் கிடக்கும், ஊசி ஊசியாய், இளம்பச்சை.

கார்த்திகை மழைக்கு மட்டும் ஆகாது.
ஈரம் பட்டால் கலங்கிப்போகும்.
பொடித்து, சிலிக்கன் பசையில் குழைத்து,
கண்ணாடித் தட்டில் ஊற்றி இறுக விட்டால்
ஒரு படலம். ரொட்டி போல மடியும்.
எக்ஸ் கதிர் பட்டால் பச்சையாய் எரியும்.

"ஈயப் பளிங்குகள் இருக்கும்போது
இது எதற்கு?" என்று கேட்டார்
நிதிக்குழுவில் ஒருவர், கொழும்பிலிருந்து.
ஈயம் நன்றாய் ஒளிரும், உண்மைதான்.
உடைந்தால் தண்ணீருக்குள் போகும்,
தண்ணீரிலிருந்து பிள்ளைக்குள் போகும் என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.
இந்த மண்ணுக்குக் கிடைத்த ஈயம் போதும்.

வவுனியாப் பல் வைத்தியர் கழித்துவிட்ட கதிர்க்குழாய்.
லோகிதன் ஒட்டிய கறுப்புப் பெட்டி. ஒரு பழைய கமரா.
பேனாவுக்குள் சுருள்வில் தெரிந்தது.
ஓரா மீனின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது
(அதை ஒருவரும் பிறகு கறி வைக்கவில்லை).

தை பிறந்து இரண்டு கிழமை.
மாங்குளம் மரக்காலைக்காரர் நவரத்தினராசா
லான்ட்மாஸ்ரரில் ஒரு முதிரைத் துண்டோடு வந்தார்.
"போன மாசம் மட்டும் மூண்டு வாள் போச்சுது, பிள்ளை.
மரத்துக்குள்ள இரும்பு.
பல்லு பறக்கேக்கதான் தெரியுது.
மரத்துக்குப் படம் பிடிப்பியளோ?"

பட்டையோடு வளைந்திருந்தது துண்டு.
கண்ணாடித் திரையென்றால் பொருந்தாது.
என் படலம் பொருந்தியது,
பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி மாதிரி.

கரண்ட் போனது. ஜெனரேற்றர் இரைந்தது.
விளக்கை அணைத்தோம்.

பச்சை.
பச்சைக்குள் மரத்தின் நார்,
நேராய் வந்து, ஓரிடத்தில் விலகி,
எதையோ சுற்றிப் போய்
மறுபடி நேராகிற நார்.
விலகிய இடத்தில் இரண்டு சாம்பல் நிழல்கள்,
ஓரம் பிய்ந்தவை, செல் துண்டுகள்.
இன்னும் கொஞ்சம் உள்ளே
சின்ன விரல்நுனி அளவில்
ஒரு சன்னம்.
இரும்பு சாம்பல். அது கறுப்பு.
ஒளியைத் துளியும் விடாத கறுப்பு.

"அது ஈயம்" என்றேன்.
என் குரல் ஒரு வகுப்பறைக் குரலாய் இருந்தது.

சோக்கால் பட்டையில் கோடு கிழித்தேன்:
இதற்கு இப்பால் வெட்டலாம், இது வரை கூடாது.
அவர் கோட்டைப் பார்க்கவில்லை.
இடது தோளைத் தடவிக்கொண்டு நின்றார்.
"இதுக்கும் ஒருக்கா..."

ஆளுக்கு எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை ஐயா,
ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.

"போனனான். படமும் வீட்டை கிடக்கு.
நரம்புக்குப் பக்கத்தில, எடுக்கேலாதாம்."
கதவடியில் செருப்பைத் தேடியபடி சொன்னார்:
"இதில பச்சையாத் தெரியுமெண்டு நினைச்சன்."

லான்ட்மாஸ்ரர் ஏ-ஒன்பதில் ஏறித் திரும்பும் வரை
சத்தம் கேட்டது.

இரவு கட்டுரையைத் திருத்தினேன்.
பிரிதிறன், கதிரளவு, ஈரம் தாங்கும் நாட்கள்.
மாதிரி நாற்பத்தொன்று: முதிரை.
கடைசிப் பந்தியில் படலத்தின் இன்னொரு குணம்:
கதிர் நின்ற மறுகணமே இருண்டுவிடும்,
முந்தியதன் ஒளியில் எதையும் மிச்சம் வைக்காது.
அதைச் சிறப்பு என்று எழுதியிருந்தேன்.
அழிக்கவில்லை.